நீர்மூழ்கியை வேட்டையாடப் போன கப்பலே இரையானது எப்படி? 194 பேரோடு மூழ்கிய ஐஎன்எஸ் குக்ரியின் கதை

அரக்கோணம், சோளிங்கர் பக்கம் இருப்பவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. சாம்பல் நிறத்தில் பெரிய விமானம் ஒன்று தாழ்வாகப் பறந்து வரும். பார்க்கப் பயணிகள் விமானம் மாதிரியே இருக்கும். ஆனால் பக்கவாட்டில் ஜன்னல் வரிசை இருக்காது. வால் முனையில் தேள் கொடுக்கு மாதிரி ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும்.

அதுதான் பி-8ஐ. இந்தியக் கடற்படையின் நீர்மூழ்கி வேட்டை விமானம். அது வந்து இறங்கும் இடம் ஐஎன்எஸ் ராஜாளி. 1992 மார்ச் 11-ஆம் தேதி அப்போதைய குடியரசுத் தலைவர் ஆர்.வெங்கட்ராமன் தொடங்கி வைத்த கடற்படை விமானத் தளம். 2019 வரை ஒரே வேலூர் மாவட்டமாக இருந்து, இப்போது ராணிப்பேட்டை மாவட்டத்துக்குள் வருகிறது.

கடல் கண்ணுக்கே எட்டாத ஊர்ல கடற்படைக்கு என்ன வேலைன்னு கேட்கத் தோணும். தரைக்கு நடுவிலிருந்து கிளம்பி, கடலுக்கு அடியில் ஒளிந்திருப்பதைத் தேடிப் பிடிப்பதுதான் வேலை. அந்த வேலையை விமானம் செய்யாமல், கப்பல் தனியாகச் செய்யப் போனால் என்ன ஆகும்? 1971 டிசம்பர் 9-ஆம் தேதி இரவு இந்தியா அதைப் பார்த்தது. சுதந்திரத்துக்குப் பிறகு ஒரு போரில் எதிரியின் தாக்குதலில் இந்தியா இழந்த ஒரே போர்க்கப்பல் அன்றைக்குத்தான் மூழ்கியது.

வேலூர், குடியாத்தம், ஆம்பூர் பக்கம் தோல் தொழிற்சாலைக்குப் போகிற வீடுகளுக்கு நடுவில் ராணுவத்துக்கு ஆள் அனுப்பிய வீடும் கண்டிப்பாக இருக்கும். கணியம்பாடி பக்கத்துக் கம்மவான்பேட்டைக்கு 'ராணுவப்பேட்டை' என்றே இன்னொரு பெயர் உண்டு. அந்த வீடுகளின் வாட்ஸ்அப் குரூப்களில் டிசம்பர் 4-ஆம் தேதி கடற்படை தின வாழ்த்து தவறாமல் வந்துவிடும். 1971-ல் கராச்சி துறைமுகத்தை இந்திய ஏவுகணைப் படகுகள் தாக்கிய நாள் அது. அதற்கு ஐந்து நாள் கழித்து நடந்தது பற்றி அவ்வளவாகப் பேச்சு வராது.

'எஸ்கார்ட்' கப்பல்னா என்ன?

முதலில் இந்தக் கப்பல் எந்த ரகம் என்று பார்த்துவிடலாம். இது புரிந்தால்தான் பிறகு நடந்தது புரியும்.

ஆம்பூரிலிருந்து ஷூ ஏற்றிக்கொண்டு சென்னைத் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளை நினைத்துக்கொள்ளுங்கள். வழியில் கொள்ளைக்காரர்கள் பதுங்கியிருக்கிறார்கள் என்று வைப்போம். லாரிகள் தனித்தனியாகப் போகாமல் நாற்பது, ஐம்பதாகச் சேர்ந்து போகும். சுற்றிலும் காவல் வண்டிகள் வரும். எல்லா இடத்துக்கும் கவச வண்டி அனுப்ப முடியாது, அதற்குச் செலவு அதிகம். சாதாரண ஜீப்பில் துப்பாக்கியோடு நாலு பேரை அனுப்பினால் போதும்.

இரண்டாம் உலகப் போரில் அட்லாண்டிக் கடலில் நடந்தது இதுதான். ஜெர்மனியின் யு-போட் நீர்மூழ்கிகள் சரக்குக் கப்பல்களை வரிசையாக மூழ்கடித்தன. 'டிஸ்ட்ராயர்' எனும் அழிப்புக் கப்பல்கள்தான் கவச வண்டி. வேகம், பீரங்கி எல்லாம் உண்டு, விலையும் அதிகம். எனவே நீர்மூழ்கியைத் தேடிப் பிடிக்க மட்டும் தெரிந்த, மலிவான, சீக்கிரம் கட்டக்கூடிய சின்னக் கப்பல்களை வரிசையாகக் கட்டினார்கள். அமெரிக்கா அதற்கு 'டிஸ்ட்ராயர் எஸ்கார்ட்' என்று பெயர் வைத்தது. பிரிட்டன் 'ஃபிரிகேட்' என்றது. 1975-ல் அமெரிக்காவும் பழைய பெயரை விட்டுவிட்டு ஃபிரிகேட் என்றே மாற்றிக்கொண்டது. பெயர்தான் வேறு, வேலை ஒன்று.

இந்தியாவிடமும் 1950-களில் கோதாவரி, கோமதி, கங்கா என்று மூன்று பழைய பிரிட்டிஷ் எஸ்கார்ட் டிஸ்ட்ராயர்கள் இருந்தன. போரில் ஓடிக் களைத்த கப்பல்கள். புதிதாக வேண்டும் என்று இந்தியா கேட்டபோது பிரிட்டன் கட்டிக்கொடுத்த வகைதான் நம் கதையின் கப்பல்.

'இரண்டாம் தரம்' என்றே பெயர்

ஐஎன்எஸ் குக்ரி, இங்கிலாந்தின் வைட் தீவில் உள்ள கவ்ஸ் நகரில், ஜே.சாமுவேல் ஒயிட் கப்பல் கட்டும் தளத்தில் உருவானது. 1955 டிசம்பரில் வேலை தொடங்கியது. 1956 நவம்பரில் தண்ணீரில் இறக்கினார்கள். 1958 ஜூலையில் இந்தியக் கடற்படையில் சேர்ந்தது.

கூடவே இரண்டு தங்கச்சிக் கப்பல்கள்: கிர்பான், குடார். மூன்றுமே ஆயுதங்களின் பெயர்கள். குக்ரி என்பது கூர்க்கா வீரர்களின் வளைந்த கத்தி. கிர்பான், சீக்கியர்களின் வாள். குடார் என்றால் கோடரி. நம் பழைய அகராதிகளில் 'குடாரம்' என்று இருப்பதும் இதே சொல்தான். தமிழ் படித்த டெஸ்க்காரனுக்கு இதைச் சொல்லாமல் கடந்து போக மனம் வரவில்லை.

நீளம் சுமார் 94 மீட்டர். குறுக்கே 10 மீட்டர்தான். உச்ச வேகம் 27 நாட்டுக்குக் கொஞ்சம் மேல், அதாவது மணிக்குச் சுமார் 50 கிலோமீட்டர். ஆனால் ஒரே ஒரு புரொப்பல்லர். பெரிய பீரங்கி கிடையாது, 40 மில்லிமீட்டர் போஃபர்ஸ் துப்பாக்கிகள் மட்டும்.

பிரிட்டன் இந்த 'பிளாக்வுட்' வகைக்கு அதிகாரபூர்வமாக வைத்த பெயரே 'இரண்டாம் தர நீர்மூழ்கி எதிர்ப்பு ஃபிரிகேட்'. மட்டமான கப்பல் என்று அதற்குப் பொருள் இல்லை. முதல் தரம் கட்டக் காசு போதாதபோது எண்ணிக்கையைக் கூட்டுவதற்காகக் கட்டியது என்று அர்த்தம். பிரிட்டன் தனக்கென்று 12 கப்பல்கள் வைத்துக்கொண்டது. அவற்றில் சில, ஐஸ்லாந்தோடு மீன்பிடி உரிமைக்காக நடந்த 'காட் போர்' சண்டையில் மீன்பிடிப் படகுகளுக்குக் காவல் போயின.

குக்ரிக்கும் அமைதியான நாட்களே அதிகம். 1961-ல் கோவாவை மீட்ட நடவடிக்கையில், விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த்துக்குத் துணையாகப் போன கப்பல்களில் மூன்று சகோதரிகளும் இருந்தார்கள். அதே நடவடிக்கையில்தான் போர்ச்சுக்கல்காரர்களிடமிருந்து தியூ தீவும் இந்தியாவுக்கு வந்தது. பத்து வருடம் கழித்து அந்தத் தியூவுக்குப் பக்கத்துக் கடலிலேயே குக்ரியின் கதை முடியப்போகிறது.

காது எவ்வளவு தூரம் கேட்கும், கை எவ்வளவு தூரம் எட்டும்?

நீர்மூழ்கியும் கப்பலும் மோதும்போது இரண்டே கேள்விதான். யாருக்கு முதலில் கேட்கும்? யாருடைய ஆயுதம் முதலில் எட்டும்?

கப்பலின் காது சோனார். கிணற்றுக்குள் குரல் கொடுத்தால் எதிரொலி வருமே, அதே மாதிரி தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி, எதில் பட்டுத் திரும்புகிறது என்று கேட்கும் கருவி. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கடல்நீர் மேலிருந்து கீழ்வரை ஒரே சூட்டில் இருப்பதில்லை. நம்ம பக்கத்துக் கடலில் மேற்பரப்பு வெதுவெதுப்பாக இருக்கும், கீழே போகப்போகக் குளிரும். ஒலி நேராகப் போகாமல் குளிர்ந்த பக்கமாக, கீழ்நோக்கி வளைந்துவிடும். கண்ணாடி டம்ளரில் வைத்த ஸ்பூன் வளைந்து தெரிவது போலத்தான். அந்த அடுக்குக்குக் கீழே நீர்மூழ்கி பதுங்கிக்கொண்டால், மேலே போகிற கப்பலுக்கு அது இருப்பதே தெரியாது.

குக்ரியின் சோனார் குளிர்ந்த அட்லாண்டிக்கை மனதில் வைத்து, 1950-களின் தொழில்நுட்பத்தில் செய்தது. அரபிக்கடலில் அதற்குச் சில கிலோமீட்டருக்குள் இருப்பது மட்டுமே கேட்கும், அதுவும் கடல் நிலையைப் பொறுத்து.

இன்னொரு தொல்லையும் உண்டு. கப்பல் வேகமாகப் போனால் அதன் புரொப்பல்லர் சத்தமும் தண்ணீர் மோதும் சத்தமும் சோனாரின் காதை அடைத்துவிடும். நன்றாகக் கேட்க வேண்டும் என்றால் மெதுவாகப் போக வேண்டும். ஆனால் மெதுவாகப் போகிற கப்பலைக் குறிபார்ப்பது சுலபம். இந்த ஒரு முரண்பாட்டை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் வரும்.

கப்பலின் கை, 'லிம்போ' என்கிற மோர்ட்டார். மூன்று குழாயிலிருந்து வெடிகுண்டுகளை வானத்தில் எறிந்து, நீர்மூழ்கி இருக்கும் இடத்தைச் சுற்றி விழ வைக்கும். எட்டும் தூரம் சுமார் 900 மீட்டர். ஒரு கிலோமீட்டர்கூட இல்லை!

எதிரில் வந்தது யார்?

பிஎன்எஸ் ஹங்கோர். பிரான்ஸ் கட்டிய 'டாஃப்னே' வகை நீர்மூழ்கி. பாகிஸ்தானிடம் 1969-ல்தான் சேர்ந்தது. குக்ரியை விடப் பத்து வருடம் இளையது. மொத்தம் 12 டார்பிடோ குழாய்கள், முன்னால் 8, பின்னால் 4. எதிரியின் சத்தத்தைத் தேடிப் போய்த் தாக்கும் டார்பிடோக்கள், பல கிலோமீட்டர் தூரத்திலிருந்தே விடலாம். பேட்டரியில் ஓடும்போது இதிலிருந்து சத்தமே வராது. தான் சத்தம் போடாமல் அடுத்தவர் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கும். பல கிலோமீட்டருக்கு அப்பால் வரும் கப்பலின் புரொப்பல்லர் ஒலியையும் பிடித்துவிடும்.

பெயரில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஹங்கோர் என்பது வங்காளச் சொல், அர்த்தம் சுறா. கிழக்கு வங்காளத்தை விட்டுக்கொடுக்க மாட்டோம் என்று பாகிஸ்தான் நடத்திய போரில், அதன் பெரிய கடல் வெற்றியைக் கொடுத்த கப்பலுக்கு வங்காளப் பெயர். இதே வகையைச் சேர்ந்த மாங்ரோ என்ற நீர்மூழ்கியில் பயிற்சிக்காக பிரான்ஸில் இருந்த எட்டு வங்காள மாலுமிகள், 1971-ல் அங்கிருந்து தப்பி இந்தியாவுக்கு வந்து வங்கதேச விடுதலைப் போரில் சேர்ந்துகொண்டார்கள்.

ஹங்கோரின் கேப்டன் கமாண்டர் அகமது தஸ்னீம். நவம்பர் கடைசியிலேயே கராச்சியிலிருந்து கிளம்பி பம்பாய்க்கு அருகில் காத்திருந்தார். டிசம்பர் 2-ஆம் தேதி இரவு இந்திய மேற்குக் கடற்படை அணி அவருடைய தலைக்கு மேலேயே கடந்து போனது. சுட முடியவில்லை. ஏனென்றால் போர் இன்னும் தொடங்கவில்லை. மறுநாள் மாலைதான் தொடங்கியது.

போர் தொடங்கிய பிறகு ஹங்கோரில் குளிர்சாதன அமைப்பு பழுதானது. ஏசி போனால் என்ன, விசிறிக்கொண்டு இருக்கலாமே என்று தோன்றும். நீர்மூழ்கிக்குள் அது முடியாது, கருவிகளே சூடாகி நின்றுவிடும். தண்ணீருக்கு மேலே வந்து, மீன்பிடிப் படகு மாதிரி பாவனை காட்டிக்கொண்டு சரிசெய்தார்கள். இடையில் கராச்சிக்கு ரேடியோ செய்தியும் போனது. அந்தச் சிக்னலை இந்தியக் கடற்படை பிடித்துவிட்டது. தியூ முனைக்குத் தென்மேற்கே ஒரு நீர்மூழ்கி இருக்கிறது என்று தெரிந்தது.

வேட்டைக்கு 14-வது ஃபிரிகேட் அணி போக வேண்டும். அந்த அணிதான் குக்ரி, கிர்பான், குடார். குடாரின் கொதிகலன் அறையில் ஏற்கெனவே விபத்து நடந்திருந்ததால் அது வர முடியவில்லை. மூன்று பேர் செய்ய வேண்டிய வேலைக்கு இரண்டு பேர். டிசம்பர் 8-ஆம் தேதி குக்ரியும் கிர்பானும் பம்பாயிலிருந்து கிளம்பின.

அந்த இரவு

குக்ரியின் கேப்டன் மகேந்திர நாத் முல்லா. வயது 45, சொந்த ஊர் கோரக்பூர். கப்பலுக்கு மட்டுமல்ல, அணி முழுவதற்கும் அவர்தான் தலைவர். கப்பலில் லெப்டினன்ட் வி.கே.ஜெயின் என்ற இளம் மின்பொறியியல் அதிகாரியும் இருந்தார். பழைய சோனாரின் கேட்கும் தூரத்தைக் கூட்டுவதற்கு அவர் ஒரு கருவியை உருவாக்கி, குக்ரியில் பொருத்தியிருந்தார். அதைப் போரிலேயே சோதித்துப் பார்க்கிறார்கள்.

அந்தக் கருவி சரியாக வேலை செய்ய, கப்பல் மெதுவாகப் போக வேண்டும். குக்ரி 12 நாட் வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. நீர்மூழ்கி இருக்கிறது என்று தெரிந்த கடலில் வேகமாகவும் வளைந்து வளைந்தும் போக வேண்டும் என்பதுதான் பொதுவான பாடம். ஆனால் வேகமாகப் போனால் எதுவும் கேட்காது. கேட்காமல் எதைப் பிடிப்பது?

இந்த நேரத்தில் ஹங்கோர் இரண்டு கப்பல்களையும் கேட்டுக்கொண்டே இருந்தது. 9-ஆம் தேதி அதிகாலையிலேயே பிடித்துவிட்டது. துரத்தினால் எட்ட முடியாது, கப்பல்களின் வேகம் அதிகம். தஸ்னீம் துரத்தவில்லை. இரண்டு கப்பல்களும் ஒரு செவ்வகம் போல ஒரே பாதையில் சுற்றிச் சுற்றித் தேடுவதைக் கவனித்தார். அடுத்து எங்கே வரும் என்று கணக்குப் போட்டு, அந்த இடத்தில் போய் நின்றுகொண்டார். கப்பல்கள் தானாகவே அவரிடம் வந்தன.

இரவு எட்டரை மணிக்கு மேல். முதல் டார்பிடோ கிர்பானை நோக்கிப் போனது. கப்பலுக்கு அடியில் கடந்து போனது, வெடிக்கவில்லை. இரண்டாவது குக்ரிக்கு. அது வெடித்தது. மூன்றாவதை மறுபடியும் கிர்பான் மீது விட்டார்கள். கிர்பானுக்கு அடிபட்டது என்று பாகிஸ்தான் சொன்னது. அடிபடவில்லை என்பது இந்தியாவின் நிலை. குக்ரியில் தப்பித்தவர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட வெடிச்சத்தம் கேட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். தஸ்னீம் ஒரே டார்பிடோ என்கிறார். வெடிமருந்து அறையும் சேர்ந்து வெடித்திருந்தால் இரண்டு பேர் சொல்வதும் உண்மையாகவே இருக்கலாம்.

சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிட்டது. 94 மீட்டர் நீளக் கப்பல் ஒரு பாட்டு ஓடி முடிகிற நேரத்தில் தண்ணீருக்குள் போனது. மின்சாரம் இல்லை, கப்பல் சாய்கிறது, கீழ்த்தளத்தில் இருந்தவர்கள் குறுகலான ஏணி வழியாக மேலே வர வேண்டும். பலருக்கு அந்த நேரம் கிடைக்கவே இல்லை.

முல்லா கப்பலைக் கைவிட உத்தரவிட்டார். பக்கத்தில் இருந்தவர்களைக் கடலில் குதிக்கச் சொல்லித் தள்ளிவிட்டார். தன்னுடைய லைஃப் ஜாக்கெட்டை ஒரு மாலுமியிடம் கொடுத்துவிட்டார். தப்பித்தவர்கள் கடைசியாகத் திரும்பிப் பார்த்தபோது அவர் கப்பலின் மேல்தளத்தில் தன் இடத்திலேயே இருந்தார்.

18 அதிகாரிகள், 176 மாலுமிகள். மொத்தம் 194 பேர் கப்பலோடு போனார்கள். சோனார் கருவியைச் செய்த லெப்டினன்ட் ஜெயினும் அதில் ஒருவர். 6 அதிகாரிகளும் 61 மாலுமிகளும் மட்டும் உயிரோடு கடலில் மிதந்தார்கள். மறுநாள் காலைதான் ஐஎன்எஸ் கச்சல் வந்து அவர்களைத் தூக்கியது. முல்லாவுக்கு மறைவுக்குப் பின் மகாவீர் சக்ரா விருது அளிக்கப்பட்டது.

கிர்பான் ஏன் நின்று காப்பாற்றவில்லை?

இந்தக் கதையைக் கேட்கிற எல்லோரும் கேட்பது இது. தப்பித்தவர்களும் அவர்கள் குடும்பங்களும் வருடக்கணக்கில் கேட்டார்கள். கூடவே இருந்த கப்பல், இரவு முழுக்க மனிதர்கள் தண்ணீரில் கிடக்கும்போது, எப்படிப் போகலாம்?

பதில் சொல்வதற்கு முன்னால் 1914 செப்டம்பர் 22-க்குப் போக வேண்டும். சென்னைக்காரர்களுக்குத் தெரிந்த தேதிதான். அன்று இரவு 'எம்டன்' சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்டது. அதே நாள் காலையில், உலகத்தின் மறுபக்கம் வட கடலில், யு-9 என்ற ஒரே ஜெர்மன் நீர்மூழ்கி பிரிட்டனின் அபூகீர் என்ற போர்க்கப்பலைத் தாக்கியது. தண்ணீரில் விழுந்தவர்களைக் காப்பாற்ற ஹோக் என்ற கப்பல் நின்றது. அதையும் அடித்தது. மூன்றாவதாக கிரெஸ்ஸி நின்றது. அதுவும் போனது. ஒன்றரை மணி நேரத்துக்குள் மூன்று கப்பல், 1,400-க்கும் மேற்பட்ட உயிர்கள். நீர்மூழ்கி பக்கத்தில் இருக்கும்போது தனியாக நின்று காப்பாற்றக் கூடாது என்ற கசப்பான விதி அன்றைக்குத்தான் எழுதப்பட்டது.

கிர்பான் திருப்பித் தாக்க முயன்றது, அதன் மோர்ட்டார் கோளாறு செய்தது. அடுத்த டார்பிடோ தன்னை நோக்கி வருகிறது. நின்றிருந்தால் இன்னும் ஒரு கப்பல், இன்னும் இருநூறு பேர். அந்த இடத்தை விட்டு விலகி, மறுநாள் கச்சலோடு திரும்பி வந்தது. விதிப்படி பார்த்தால் சரி. ஆனால் 'விதிப்படி சரி' என்ற பதிலை, பிள்ளையின் உடல்கூடக் கிடைக்காத ஒரு அம்மாவிடம் யார் போய்ச் சொல்வது? இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது, அதனால்தான் இந்த விவாதம் இன்றுவரை தீரவில்லை.

சரி, யார் மேல தப்பு?

முல்லா மெதுவாகப் போனதுதான் காரணம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அவர் முன்னால் இருந்த வாய்ப்புகளைப் பாருங்கள். வேகமாகப் போனால் காது கேட்காது. மெதுவாகப் போனால் இலக்காகிவிடும். எதிரிக்கோ பல கிலோமீட்டர் தூரத்திலிருந்தே கேட்கிறது, அங்கிருந்தே அடிக்கவும் முடிகிறது. இவருடைய ஆயுதம் 900 மீட்டர்தான் எட்டும். புதுக் கருவி வேலை செய்தால் ஒரு வழி பிறக்கும் என்று நம்பினார். அந்த நம்பிக்கையே ஆபத்தாக முடிந்தது.

உண்மையான தவறு இதற்கெல்லாம் முன்னாலேயே நடந்துவிட்டது என்றுதான் இதையெல்லாம் படித்த பிறகு எனக்குத் தோன்றுகிறது. 1950-களின் நீர்மூழ்கியை அட்லாண்டிக்கில் தேடுவதற்குக் கட்டிய மலிவுக் கப்பலை, 1969-ன் நீர்மூழ்கியை அரபிக்கடலில் தேட அனுப்பினார்கள். கூட நீர்மூழ்கி வேட்டை ஹெலிகாப்டர் ஒன்றுகூடப் போகவில்லை. சீ கிங் ஹெலிகாப்டர்கள் அந்த வருடம்தான் இந்தியாவுக்கே வந்திருந்தன. சென்னையிலிருந்து ஆம்பூருக்குள் நுழையும் லாரிக்கு ஹெட்லைட்டும் இல்லாமல் பிரேக்கும் இல்லாமல், டிரைவரை மட்டும் குறை சொன்ன மாதிரிதான்.

ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி மேஜர் ஜெனரல் இயன் கார்டோசோ, தப்பிப் பிழைத்தவர்களைச் சந்தித்து 2006-ல் ஒரு புத்தகமே எழுதினார். கடற்படையின் வரலாற்றை எழுதிய வைஸ் அட்மிரல் ஹிராநந்தானியும் இரண்டு தரப்புக் கருவிகளின் ஏற்றத்தாழ்வை விரிவாகப் பேசியிருக்கிறார்.

ஹங்கோர் சிக்கியதா?

இல்லை. அடுத்த நாலு நாள் இந்தியக் கடற்படை 'ஆபரேஷன் ஃபால்கன்' என்ற பெயரில் கப்பல், விமானம், ஹெலிகாப்டர் எல்லாவற்றையும் விட்டுத் தேடியது. அந்தத் தேடலின்போது டிசம்பர் 10-ஆம் தேதி ஓர் அலிசே விமானத்தைப் பாகிஸ்தான் போர்விமானம் சுட்டு வீழ்த்தியது. அதில் போனவர்களும் திரும்பவில்லை. கராச்சி மீது நடத்தவிருந்த மூன்றாவது தாக்குதலும் கைவிடப்பட்டது. ஹங்கோர் மெல்ல மெல்ல ஊர்ந்து, டிசம்பர் 18-ல் கராச்சி போய்ச் சேர்ந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பே டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்து, போர் முடிந்திருந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஒரு நீர்மூழ்கி போர்க்கப்பலை மூழ்கடித்தது உலகத்திலேயே அதுதான் முதல்முறை. அடுத்தது 1982-ல், ஃபாக்லாந்து போரில் பிரிட்டிஷ் நீர்மூழ்கி அர்ஜென்டினாவின் பெல்கிரானோ கப்பலை மூழ்கடித்தபோது.

மிச்சம் இருந்த சகோதரிகள் இருவரும் பிறகு கடலோரக் காவல்படைக்குப் போனார்கள். 1970-களின் கடைசியில் அந்தப் படை தொடங்கப்பட்டபோது அதனிடம் இருந்த பெரிய கப்பல்களே கிர்பானும் குடாரும்தான். போருக்குப் போதாத கப்பல், கடத்தல் படகைப் பிடிக்கப் போதுமானதாக இருந்தது.

இப்போ என்ன மாறியிருக்கு?

அரக்கோணத்துக்குத் திரும்பலாம். ராஜாளியில் முதலில் ரஷ்யாவின் டியு-142 விமானங்கள் இருந்தன, 2017-ல் ஓய்வு பெற்றன. 2013 முதல் பி-8ஐ. மேலிருந்து 'சோனோபாய்' எனும் மிதவைகளைக் கடலில் போடும். ஒவ்வொன்றும் ஒரு குட்டிச் சோனார், கேட்டதை ரேடியோவில் விமானத்துக்கு அனுப்பும். வால் முனையில் இருக்கும் அந்தக் கொடுக்கு, நீர்மூழ்கியின் இரும்பு உடல் பூமியின் காந்தப்புலத்தில் உண்டாக்கும் சின்ன மாற்றத்தை உணரும் கருவி. 'மெதுவாகப் போனால்தான் கேட்கும்' என்ற குக்ரியின் முடிச்சு இதற்குக் கிடையாது. காது கடலில் இருக்கும், ஆள் வானத்தில் இருப்பார். கீழே இருக்கும் நீர்மூழ்கிக்கு விமானம் வருவதே பெரும்பாலும் தெரியாது, டார்பிடோவாலும் அதைத் தொட முடியாது.

சின்ன எஸ்கார்ட் கப்பல்களும் ஒழிந்துவிடவில்லை. 2025 ஜூனில் கடற்படையில் சேர்ந்த ஐஎன்எஸ் அர்னாலா, கரையோர ஆழமற்ற கடலில் நீர்மூழ்கியைத் தேடுவதற்கென்றே கட்டியது. நீளம் 77 மீட்டர், குக்ரியை விடச் சின்னது. அதைக் கட்டியது எங்கோ இங்கிலாந்தில் இல்லை, சென்னைக்குப் பக்கத்துக் காட்டுப்பள்ளியில். இதே வேலைக்கு மொத்தம் 16 கப்பல்கள் திட்டமிடப்பட்டுள்ளன.

பெயர்களும் ஓயவில்லை. மும்பை மசகான் தளத்தில் கட்டிய இரண்டாவது குக்ரி 1989-ல் சேர்ந்து, 32 வருடம் ஓடி, 2021 டிசம்பர் 23-ல் விசாகப்பட்டினத்தில் ஓய்வு பெற்றது. இரண்டாவது கிர்பானை 2023 ஜூலையில் வியட்நாமுக்கு இந்தியா அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டது. ஹங்கோர் 2006-ல் ஓய்வு பெற்று இப்போது கராச்சியில் கடல்சார் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. சீனாவின் உதவியோடு பாகிஸ்தான் வாங்கும் எட்டுப் புது நீர்மூழ்கிகளுக்கும் ஹங்கோர் வகை என்றே பெயர்.

தியூவுக்குச் சுற்றுலா போகிறவர்கள் கடலைப் பார்த்த மேட்டில் குக்ரி நினைவிடத்தைப் பார்க்கலாம். 1999 டிசம்பர் 15-ல் திறந்தது. கண்ணாடிக் கூண்டுக்குள் முதல் குக்ரியின் மாதிரி இருக்கும். ஓய்வு பெற்ற இரண்டாவது குக்ரியையும் 2022 குடியரசு தினத்தன்று தியூ நிர்வாகத்திடமே ஒப்படைத்தார்கள், அருங்காட்சியகமாக்குவதற்கு. முதல் குக்ரி அங்கிருந்து சுமார் 40 கடல் மைல் தள்ளி, 194 பேரோடு கடலுக்கு அடியில் கிடக்கிறது.